இரண்டாவது பன்றி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஸ்டேஷனில் காப்பி போடுகிறவருக்குக் காப்பி போடத் தெரியவில்லை. மலை முழுக்கக் கொட்டை பழுத்துத் தொங்குகிறது, நீங்கள் பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கொட்டிக் கலக்கிக் கொடுக்கிறீர்கள். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. குடிக்கிறேன்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நானாகத்தான் ஜீப்னி ஏறி வந்தேன். ரேடியோவில் ஒருத்தன் பேசினான்: பாலியோக் வளைவில் சரிவைக் கண்காணித்த பெண்ணுக்குக் கருவியைச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை, பயிற்சி இல்லாதவர்களை வேலைக்கு வைத்ததால்தான் இத்தனை பெரிய விபரீதம் என்று. அரிசி களைந்துகொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. ஜூலிட்டாவுக்குப் பார்க்கத் தெரியாதாம். நான் பார்த்த மாதிரி அந்த ஊசியை எவனாவது பார்த்திருப்பானா? அந்தப் பேச்சைத் திருத்தத்தான் வந்தேன். அதைத் திருத்தப் போனால் மற்றதும் கூடவே வருகிறது, என்ன செய்ய.

வேலை இதுதான். எங்கள் வீட்டைத் தாண்டியதும் சாலை வளைந்து மலையின் விலாவில் ஏறுகிறது. அந்த வளைவுக்கு மேலே இருக்கிற சரிவு நல்ல சரிவு இல்லை. மழைக்காலம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முட்டைக்கோஸ் லாரி, கேரட் லாரி, பஸ், எல்லாம் அதன் அடியில் போய்த்தான் ஆக வேண்டும், வேறு பாதை கிடையாது. சரிவின் தலையில் நீளமாக ஒரு விரிசல். விரிசலுக்கு அந்தப் பக்கம் இரும்புத் தூண், இந்தப் பக்கம் ஒரு பெட்டி, நடுவில் இழுத்துக் கட்டிய கம்பி. மண் நகர்ந்தால் கம்பி இழுக்கும். கம்பி இழுத்தால் பெட்டிக்குள் ஊசி நகரும். ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டால் கீழே சாலையின் இரண்டு முனையிலும் சங்கு ஊதும். ஊதியதும் கழியை இறக்கிச் சாலையை மூடிவிட வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் திறக்கலாம்.

கீழ்முனைக் கழி என் பொறுப்பு. மேல்முனையில் என் கொழுந்தன் லியோன் இருக்கிறான், அந்தக் கழி அவன் பொறுப்பு. தினமும் காலையில் மேலே ஏறி ஊசியைப் பார்த்து அலுவலகத்துக்குப் போன் பண்ணுவதும் நான்தான். எனக்கு முன்னால் இருந்தவன் படுக்கையில் கிடந்தபடியே ஏதோ ஒரு எண்ணைச் சொல்லுவான். ஜின் பாட்டிலைப் பார்த்துச் சொன்னானோ என்னவோ. நான் காய்ச்சலோடும் ஏறியிருக்கிறேன். பாகியோவிலிருந்து வருகிற நிலவியல்காரப் பெண், மேம் அய்லீன், அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லுவாளாம்: "மனாங் ஜூலிட்டா சொல்லிட்டாங்கன்னா அது சரியாத்தான் இருக்கும்." அவள் என்னை மனாங் என்றுதான் கூப்பிடுவாள், சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி. நல்ல பெண். இப்போது அழுதுகொண்டே இருக்கிறாளாம், பாவம்.

கழி கைக்கு வந்த பிறகு என் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகிவிட்டது சார், மறைப்பானேன். மீசை வைத்த லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி, "மனாங், போலாமா?" என்று கேட்பான். ஒரு தடவை பெரிய கறுப்புக் காரில் போன அதிகாரிகூடக் கண்ணாடியை இறக்கிக் கேட்டார். நான் மேலே ஒரு பார்வை பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சும்மாதான். பார்த்துவிட்டு, "ம், போங்க" என்பேன். அதற்கு முன்னால் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. என் புருஷன் டெல்ஃபின் கேட்கிற ஒரே கேள்வி, சோறு ஆயிற்றா என்பதுதான்.

சரி, நார்மாவுக்கு வருகிறேன்.

நார்மா என் ஓரகத்தி. லியோன் பெண்டாட்டி. நல்லவள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன். நாங்கள் புது வீடு கட்டி விருந்து வைத்தோம். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு யாரையும் போய் அழைக்கிற வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்புப் புகை தெரிந்தால் வரலாம், யாரும் வரலாம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பங்கு கறி கையில் கொடுத்தனுப்ப வேண்டும், அந்த வாட்வாட் எத்தனை கை போயிற்று என்பதில்தான் வீட்டுக்காரியின் மானம் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் வரவில்லை. மழையா, வேறெங்காவது விருந்தா, எனக்குத் தெரியாது. அண்டாவில் கறி கிடக்கிறது, தின்ன ஆளில்லை. எல்லோர் முன்னாலும் நார்மா வந்து நின்று, "ஐயோ மனாங், இவ்ளோ கறியையும் நீங்களே எப்படித் தின்னு தீப்பீங்க? குடுங்க, நான் வேணா கொஞ்சம் எடுத்துட்டுப் போய் எங்க பக்கத்து ஆளுங்களுக்குக் குடுக்கறேன்" என்றாள்.

உதவியாகத்தான் சொன்னாள். அதுதான் நார்மா. அவள் உதவி செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள், வாங்கிக்கொண்டவள்தான் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அலைய வேண்டும்.

அதற்கப்புறம் அவள் முறை வந்தது. கப்பல் வேலைக்குப் போன அவள் மகன் திரும்பி வந்தான், அதற்கு விருந்து. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கீழ்ப்பக்கம்தான், எல்லோரும் வளைவைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். நான் காலையில் ஊசி பார்க்க ஏறினேன். வழியில் எங்கள் தோட்டத்தில் பிடுங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு கூடை நிறைய முதுகில் இருந்தது. பாரமாக இருந்ததால் எங்காவது மாட்டிவைக்கலாம் என்று பார்த்தேன். கம்பி இருந்தது. மாட்டினேன்.

சிரிக்காதீர்கள் சார். சரி, சிரியுங்கள், எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

ஊசி கிடுகிடுவென்று ஓடிப் போய்ச் சிவப்பைத் தொட்டது. சங்கு ஊதியது. நான் கூடையை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து ஒழுங்காகக் கழியை இறக்கினேன். நார்மா வீட்டுக்குப் போக வந்த ஜனமெல்லாம் என் வாசலில் நின்றுபோயிற்று. அவ்வளவு பேரை என் வாசலில் நான் பார்த்ததே இல்லை. கிழங்கை அவித்து எல்லோருக்கும் கொடுத்தேன். நல்ல இனிப்பு, ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

ஆனால் சாலைக்கு இரண்டு முனை உண்டு என்பது என் புத்திக்கு எட்டவில்லை. வடக்கேயிருந்து வந்த பஸ், லாரி, வேன் எல்லாம் மேல்முனையில் நின்றது. மேல்முனையில் யார் வீடு? நார்மா வீடு. யார் வீட்டில் அடுப்புப் புகைகிறது? நார்மா வீட்டில். ஒரு பஸ் ஜனம் முழுக்க இறங்கிப் போய்ச் சாப்பிட்டதாம். லாரிக்காரர்கள் வண்டியிலிருந்த கோஸை இறக்கிக் கொடுத்தார்களாம். இரண்டு வெள்ளைக்காரர்கள் கோவணம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வெண்கலக் கங்சா தட்டி ஆடினார்களாம். அந்தத் தாளத்தை நான் என் வாசலில் உட்கார்ந்து கேட்டேன் சார், மறுநாள் வரை. அப்படி ஒரு விருந்து இந்த மலையிலேயே நடந்ததில்லை என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

சாலை திறந்ததும் நார்மா எனக்கு வாட்வாட் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல துண்டு, கொழுப்பும் கறியுமாக. "மனாங், நல்ல வேளை சங்கு ஊதுச்சு. இல்லாட்டி எங்க வீட்டுக்கு இவ்ளோ கூட்டம் ஏது? உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கறியை நான் தின்னவில்லை, டெல்ஃபின் தின்றான், நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான்.

மேம் அய்லீன் வந்து கம்பியைத் தடவித் தடவிப் பார்த்தாள். மண் நகரவே இல்லை, ஊசி மட்டும் எப்படி ஓடிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. "கம்பி மேல எதாவது பறவை கிறவை உக்காந்திருக்குமா மனாங்?" என்றாள்.

"உக்காந்திருக்கும் மேம்."

"இவ்ளோ இழுக்கணும்னா பெரிய பறவையால்ல இருக்கணும்?"

"இங்க பெரிய பறவைங்கதான் மேம்" என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் அல்லவா.

இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு என் மகள் கிளாரிஸுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ரோண்டெல், வடக்கே லகுட்டன் ஊர்ப் பையன். அவர்கள் வீட்டு ஜனமெல்லாம் வளைவைத் தாண்டி என் வீட்டுக்கு வர வேண்டும். நான் ஒன்றே ஒன்றுதான் ஆசைப்பட்டேன் சார். கூட்டம் வர வேண்டும். வந்து, என் வாசல் கொள்ளாமல் நிற்க வேண்டும். நின்று, அதை நார்மா தன் கண்ணால் பார்க்க வேண்டும். இது ஒரு தாய் ஆசைப்படக் கூடாத ஆசையா?

கல்யாணத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. முதல்நாள் மேம் அய்லீன் நேரிலேயே வந்துவிட்டாள், கால்சட்டை முழங்கால் வரை சேறு. சோறு போட்டேன், சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மனாங், சரிவு உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு. சங்குக்காகக் காத்திருக்காதீங்க. ஊசி பாதியத் தாண்டுச்சுன்னாலே மூடிடுங்க. என்னைக்கூடக் கேக்க வேணாம்."

"நாளைக்குக் கல்யாணம் மேம்."

"தெரியும் மனாங். அதனாலதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்."

அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. எனக்குப் புரியவில்லை என்று ரேடியோக்காரன் மட்டுமல்ல, யாருமே சொல்லக் கூடாது.

கல்யாணக் காலையில் முதல் பன்றியை வெட்டினோம். ஈரலைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர் பெரியவர் லாக்காய் வாசிங், உங்களுக்குத் தெரிந்திருக்கும், பழைய அமெரிக்கக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிவாரே, அவர்தான். ஈரலைப் புரட்டிப் பித்தப்பையைப் பார்த்தார். சுருங்கிக் கிடந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு வெட்டுங்க" என்றார். வழக்கம் அதுதானே. கெட்டதாகச் சொன்னால் நல்லதாகச் சொல்கிறவரை வெட்ட வேண்டும். இரண்டாவதை வெட்டினோம். பித்தப்பை உப்பிக்கொண்டு ஈரல்மேல் சொகுசாகப் படுத்திருந்தது. "ஆச்சு, நடத்துங்க. குறையே இல்ல" என்றார் லாக்காய். எல்லோரும் சிரித்தோம், கங்சா தட்ட ஆரம்பித்தார்கள். முதல் பன்றி என்ன சொன்னது என்று அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள். அதையும் வெட்டி அதே அண்டாவில் போட்டுவிடுவோம்.

அந்த நிம்மதியோடு நான் மேலே ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். ஊசி பாதியைத் தாண்டி, சிவப்புக்குக் கிட்டே போய் நின்றது. கம்பி விறைத்துப்போய் இருந்தது. அன்றைக்குக் கூடை கிடையாது, பறவை கிடையாது.

கீழே பார்த்தேன். என் வீட்டுப் புகை தெரிந்தது. வடக்கே பார்த்தேன். தூரத்தில் லகுட்டன் ஜீப்னிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரிந்தது, கூரைமேலும் ஆட்கள். கழியை இறக்கினால் அவ்வளவு பேரும் எங்கே போய் நிற்பார்கள்? நார்மா வாசலில். என் மகள் கல்யாணக் கறியை நான் அண்டாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் சம்பந்தி வீட்டாருக்கு நார்மா சோறு போடுவாள். போட்டுவிட்டு மிச்சக் கறிக்கு உதவி செய்யவும் வருவாள்.

நான் யோசித்தேன் சார். ஆத்திரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. முதல் தடவை கெட்டதாக வந்தால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் முடிவு. லாக்காய் பன்றிக்குச் செய்ததை நான் பெட்டிக்குச் செய்தேன். கொக்கியைக் கழற்றினேன், கம்பியைத் தளர்த்தினேன், ஊசியைத் திருகிச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன், மறுபடி மாட்டினேன். நின்று பார்த்தேன். ஊசி அசையவில்லை. இரண்டாவது பன்றி நன்றாகவே சொன்னது.

போன் பண்ணினேன். "மேம், ஜீரோ."

"ஜீரோவா? இந்த மழையிலயா?"

"நானே எதுத்தாப்புல நின்னு பாத்துட்டுத்தான் பேசறேன் மேம்."

"அப்பாடா. ராத்திரி பூரா தூக்கமே இல்ல மனாங் எனக்கு. கிளாரிஸுக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை. ஊசி சுழியத்தில்தான் இருந்தது.

கூட்டம் வந்தது. அடேயப்பா, என்ன கூட்டம். லகுட்டனில் ஆடுமாடுகூட மிஞ்சியிருக்காது. வாசல் நிறைந்து, தோட்டம் நிறைந்து, சாலையோரம் வரைக்கும் தட்டும் கையுமாக நின்று சாப்பிட்டார்கள். கறி போதாமல் பக்கத்து வீட்டுப் பன்றியையும் பிடித்து வர வேண்டியதாயிற்று. டெல்ஃபின் அரிசிக் கள், தப்புய், ஜாடியைத் திறந்து திறந்து கை வலிக்கிறது என்றான். கிளாரிஸ் போர்வை போர்த்தி ஆடினாள், ராணி மாதிரி இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தி, முன்பின் தெரியாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனாங், இந்த மாதிரி கல்யாணம் நாங்க பாத்ததில்ல" என்றாள். நான் திரும்பி நார்மாவைத் தேடினேன், இதை அவள் கேட்டாளா என்று.

அவள் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வந்து சேரட்டும், இடைஞ்சலாக இருக்க வேண்டாம், பிறகு வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். அதுவும் அவள் நல்ல குணம்தான். ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. சாப்பிட்டவர்களில் சிலர் வாட்வாட் வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவள் வந்து என்ன பிரயோஜனம்? கிளம்பினவர்களை இன்னொரு வாய் தப்புய் குடித்துவிட்டுப் போங்கள் என்று உட்கார்த்தி வைத்தேன்.

அப்புறம்தான் போன் வந்தது. அவளே பண்ணினாள்.

"மனாங், இங்க கல்லு உருண்டு வருது. சின்னச் சின்னதாத்தான். லியோன் கழிய எறக்கிடலாமான்னு கேக்கறாரு."

"சங்கு ஊதுச்சா?"

"இல்ல."

"ஊதாம எறக்கிட்டு நாளைக்கு ஆபீஸ்ல யார் பதில் சொல்றது? மழைன்னா ரெண்டு கல்லு விழாதா? காலைல ஜீரோ காட்டுச்சுடி."

"ஜீரோவா?" லியோனிடம் அவள் சொல்வது கேட்டது. பிறகு, "அப்ப வரலாமா மனாங்? எங்ககூட வர இங்க நாலஞ்சு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க வேணாம்னா நாளைக்குக்கூட வர்றோம்" என்றாள்.

நாளைக்கு என்றாள் சார். நாளைக்கு என் வாசலில் என்ன இருக்கும், எலும்பும் ஈயும்தான் இருக்கும்.

"ஏண்டி, லகுட்டன் ஊரே வந்து உக்காந்திருக்கு, சொந்தச் சித்தி நீ வரலன்னா நல்லாவா இருக்கு? இல்ல, எங்க வீட்டுக் கூட்டத்தப் பாத்தா வயிறு எரியும்னு பயமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "என்ன மனாங் இப்படிப் பேசறீங்க. இதோ கிளம்பிட்டோம். கிளாரிஸுக்கு நானே நெய்ஞ்ச போர்வை இருக்கு, என் கையாலதான் போத்துவேன்" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரரின் சிறிய லாரியில் ஏறினார்கள். லியோன் கழியை விட்டு வர முடியாது என்று நின்றுவிட்டான். கூட வரக் காத்திருந்த ஐந்து பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அவர்களை நான் வரச் சொல்லவில்லை. எப்படியும் எங்கள் பக்கத்தில் யாரையும் அழைப்பதில்லை என்று முன்னாலேயே சொன்னேனே.

சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெரிய அண்டாவைக் கல்தரையில் இழுக்கிற மாதிரி, ஆனால் நீளமாக, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. கங்சா நின்றுவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஏனென்றால் சரிவுக்காரி நான்தானே. "இடிதான். அடிங்கப்பா, ஏன் நிறுத்துனீங்க?" என்றேன். அடித்தார்கள். கல்யாண வீட்டில் ஜனம் பாதியில் எழுந்து ஓடினால் பெண்ணுக்கு ஆகாது. லகுட்டன்காரர்கள் பங்கு வாங்கி முடிக்கிறவரை தாளம் நிற்கவில்லை. அதற்குள் யாரோ மழையில் ஓடி வந்து, சரிவு லாரிமேல் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் இப்போது கேட்கப்போவது எனக்குத் தெரியும். நார்மா போன் பண்ணினபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் வாசலில் பந்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாது. நான் மேலே இருந்தேன். பெட்டிப் பக்கத்தில், கல்யாணத்துக்கு உடுத்திய பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மனசு கேட்காமல் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறியிருந்தேன். வேலையில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை.

ஊசி மறுபடியும் சிவப்புக்குக் கிட்டே வந்திருந்தது. காலையில் மாதிரி நிற்கவில்லை, நான் பார்க்கப் பார்க்க நகர்ந்தது. விரிசலுக்குள் என் காலே இறங்குகிற அகலம் இருந்தது. காலடியில் மண் மெதுவாக, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, நின்ற இடத்திலேயே நான் ஒரு எட்டு கீழே வந்திருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. நான் நார்மாவிடம் பேசியது முழுக்க ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசியதுதான். அவள் நாளைக்கு வரட்டுமா என்று கேட்டபோது சிவப்புக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு நகத்தின் அளவு இருந்தது. இன்னும் கொஞ்சத்தில் சங்கு ஊதியிருக்கும், லியோன் கழியை இறக்கியிருப்பான். மறுபடி திருகி மாட்டிப் பார்க்க நேரம் இல்லை. கொக்கியைக் கழற்றிக் கம்பியைத் தரையில் போட்டேன். திரும்ப மாட்டவில்லை. ஒரு கையில் போன் இருந்ததால் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பிறகு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து, முகம் துடைத்துக்கொண்டு, வாசலில் அவளை எதிர்பார்த்து நின்றேன். அவளுக்கென்று நல்ல பங்காக எடுத்து இலையில் மடித்தும் வைத்திருந்தேன்.

ஆக, ரேடியோக்காரன் சொன்னது தப்பு. ஜூலிட்டாவுக்குப் பார்க்கத் தெரியும். அவள் சரியாகத்தான் பார்த்தாள், இரண்டு தடவை பார்த்தாள். மேம் அய்லீனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவள் கணக்கில் தப்பே இல்லை, பெட்டியிலும் தப்பே இல்லை என்று. அந்தப் பெண் அழ வேண்டிய அவசியம் கிடையாது.

லியோன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினான். மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில், நகமெல்லாம் பிய்ந்துபோய் நின்றான். "மனாங், ஊசி என்ன காட்டுச்சு?" என்றான். ஜீரோ என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தோண்டப் போனான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. கிளாரிஸ் என் பக்கத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் உட்கார மாட்டேன் என்கிறாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன், பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை.

நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வராதே என்று நான் நார்மாவிடம் சொல்லியிருந்தால் ஊர் என்ன பேசியிருக்கும்? மச்சினன் பெண்டாட்டியைக் கல்யாணத்துக்கு வரவிடாமல் தடுத்தாள், அவ்வளவு பொறாமை பிடித்தவள் என்று பேசியிருக்கும். அந்தப் பேரை நான் எப்படிச் சுமப்பேன்? எனக்குப் பொறாமை என்பதே கிடையாது சார், பிறந்ததிலிருந்து கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்து எங்கே போடணும், இங்கேயா? போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஆள் ஒருவர் நேற்று நார்மா வீட்டுச் சாவுக்குக் காவலுக்குப் போய்விட்டு வந்தாராமே. கீழ்ப்பக்கத்து ஜனமெல்லாம் சரிந்த மண்ணைச் சுற்றி மலையேறி நடந்தே போகிறதாமே. என்னிடம் யாரும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், நான் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அவரைக் கொஞ்சம் கூப்பிட்டுக் கேளுங்கள் சார். எங்கள் கல்யாணத்துக்கு வந்ததைவிடவா அதிகம்?